முள் நிற்கும் இடம்

கண்ணு,

இந்த உறையைப் பிரிக்கும்போது விரலைப் பார்த்துக்கொள். உள்ளே இரண்டு சிறு குச்சிகள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் முள் உண்டு. பஞ்சில் சுற்றித் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் எழுதியிருக்கிறேன். தபாலில் நசுங்கிப் பஞ்சைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தாலும் வந்திருக்கும். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அவற்றைப் பிரிக்காதே. உன் அப்பா சட்டைப் பொத்தானைக்கூட வரிசை பார்த்துப் போடுகிறவன் என்று உன் அம்மா சொல்வாள். இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன மாதம் உன்னைப் பார்க்க வந்தவர்கள் நல்ல மனிதர்கள். பையன் முதலிபாளையத்தில் சொந்தமாக நிட்டிங் மெஷின் போட்டிருக்கிறான், அமைதியாகப் பேசினான், காபி டம்ளரைத் தானே எடுத்துவைத்தான். அவன் அம்மாதான் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார்: "எங்கூட்டுக்கு வந்தாப் பொறவு புள்ள கோயமுத்தூர் போயி டீச்சர் வேலையெல்லாம் பாக்க வேண்டியதில்லீங்க. ராணியாட்டம் இருக்கலாமுங்க." நான் சமையலறைக்கு வந்து உன்னிடம் கேட்டேன். நீ தட்டில் இருந்த மிக்சரை ஒழுங்குபடுத்திக்கொண்டே, "இருக்கட்டுங்கப்பா" என்றாய். எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். உன் அம்மா அன்று மாலையே பீரோவைத் திறந்து பட்டுச்சேலைகளுக்கு வெயில் காட்டத் தொடங்கினாள். எனக்கு மட்டும் அந்தச் சொல் உள்ளே இறங்கவில்லை. நாற்பது வருடமாக நான் பேசிவரும் சொல் அது. யாராவது இன்னொரு இட்லி வைக்க வந்தால் வேண்டாம் என்பதற்கு இருக்கட்டுங்க. பஸ்ஸில் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டவர் எழுந்திருக்கப் பார்த்தால் நீங்களே உட்காருங்கள் என்பதற்கும் இருக்கட்டுங்க. பயந்தவன் வாயில் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. எதிரில் இருப்பவர் மேற்கொண்டு கேட்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அதில் உண்டு. அந்தச் சொல்லை நீ எந்த நாளில் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியும். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, அதை நான் எழுதியாக வேண்டும்.

நம் மொட்டைமாடிக் குள்ள மரங்களை உனக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாயப் பொடி வரும் டிரம்மின் அடிப்பாகத்தை அறுத்துத் தொட்டியாக்கி, வேரையும் கிளையையும் கத்தரித்து நான் வளர்க்கும் அந்த இருபது சொச்சம் மரங்களைப் பற்றி உன் அம்மா வருகிறவர்களிடம், "புள்ளைகளுக்கு நல்லாச் சோறு போட்டாரு, மரத்தைத்தான் பட்டினி போட்டு வளக்கறாரு" என்பாள். அவற்றை வளர்ப்பதைவிட எனக்குப் பெரிய வேலையாக இருந்தது எது எந்த மரம் என்று தெரிந்துகொள்வது. நிலத்தில் நிற்கும் மரத்துக்கு உயரம் இருக்கிறது, நிழலின் வடிவம் இருக்கிறது, பூவும் காயும் இருக்கின்றன. தூரத்தில் மாடு மேய்க்கிறவன்கூடப் பெயர் சொல்லிவிடுவான். தொட்டிக்கு வந்தபின் அதெல்லாம் போய்விடும். இலை சிறுத்துவிடும். பல மரங்கள் தொட்டியில் காய்ப்பதே இல்லை. மிஞ்சுவது பால், முள், காம்பு, இலையின் அடுக்கு, கிள்ளினால் வரும் வாசனை இவ்வளவுதான். அரசையும் பூவரசையும் பார்வையில் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. காம்பைக் கிள்ளினால் அரசில் வெள்ளைப் பால் சொட்டும், பூவரசில் சொட்டாது. அது சுலபம். அரசையும் கல்லரசையும் பிரிப்பதுதான் கடினம். இரண்டிலும் பால் வரும், இரண்டும் இதய வடிவ இலை. அரசிலையின் நுனியில் நீண்டு தொங்கும் வால் கல்லரசில் குட்டையாக முடிந்துவிடும், அதன் காம்பும் நரம்பும் சிவப்போடியிருக்கும். உசில் கன்று ஒன்றைப் புளியங்கன்று என்று நினைத்து நானே இரண்டு வருடம் கம்பி சுற்றி வளைத்திருக்கிறேன். ஒருநாள் இலையைப் பறித்து மென்றேன். புளிப்பே இல்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். புளியில் ஒரே காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் நேரே அடுக்கியிருக்கும். உசிலில் காம்பே மறுபடி கிளைபிரிந்து, அந்தக் கிளைகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். கண்ணெதிரே இரண்டு வருடம் இருந்ததை நான் பார்க்கவில்லை. புளி என்று பெயர் வைத்துவிட்டதால் புளியாகவே தெரிந்தது.

இத்தனைக்கும் என் பிழைப்பே வித்தியாசம் கண்டுபிடிப்பதுதான். வெள்ளைப் பனியன் மட்டும் தைத்துக்கொண்டிருந்த நம் ஊர் கலருக்கு மாறிய காலத்தில், வீரபாண்டி சாயப்பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து டையிங் மாஸ்டர் ஆனவன் நான். இரண்டு துணித்துண்டுகளை ட்யூப்லைட் அடியில் வைத்தால் ஒரே மெரூனாகத் தெரியும். முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்தால் ஒன்று காவியாக விலகி நிற்கும். அதனால் எந்த லாட்டையும் ஒரே வெளிச்சத்தில் பார்த்து நான் பாஸ் செய்ததில்லை. துணி என்னைத் திரும்பி முறைக்காது, அதனிடம் நான் தைரியசாலி. மனிதர்களிடம் ஒரே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். நான் சொல்லப்போவது அந்த ஒதுங்கல்களில் ஒன்று, ஆனால் மிகப் பெரியது.

என்னை மாஸ்டர் ஆக்கிய அதே மாதம் நம் முதலாளி ஒரு பால்பவுடர் டின்னில் விரல் நீளக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து, பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் என் கையில் கொடுத்தார். "மாஸ்டர், நம்ம அம்மன் கோயில் வன்னி மரத்தடியில மொளைச்சது. என்ற கையாலேயே தோண்டி எடுத்தேன். உங்க குள்ள மரத்தோட ஒட்டுக்கா வச்சு வளத்துங்க" என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. வன்னியின் அடியில்தான் அது முளைத்திருந்தது. ஆனால் வன்னி நிழலில் ஆடுகள் படுத்திருக்கும், ஆட்டுப் புழுக்கையில் எந்த மரத்தின் விதையும் இருக்கும். இரண்டு மழை போனதும் கன்றில் முள் வந்தது. வன்னியும் சீமைக்கருவேலும் இலையில் அக்கா தங்கை மாதிரி இருக்கும். முள்ளில்தான் வேறுபடும். வன்னியின் முள் குட்டை, அடி அகலம். ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே தண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். சீமைக்கருவேலின் முள் நீளம், நேர். இலை புறப்படும் கணுவில், பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். முள் இருக்கிறதா என்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்போது நீ ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இலை ஒட்டும் நோட்டு ஒன்று கேட்டிருந்தார்கள். மாடியில் இலை இலையாகப் பறித்து ஒட்டி, அடியில் மைப்பேனாவால் பெயர் எழுதிக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை காலை, முதலாளி கன்றைப் பார்க்க வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து உன் நோட்டை வாங்கிப் புரட்டினார். அவர் கன்றின் இலைக்கு அடியில் நீ சீமைக்கருவேல் என்று எழுதியிருந்தாய்.

"என்ன கண்ணு, இது வன்னியல்லோ?" என்று சிரித்தார்.

"இல்லீங்க. இது செருப்புல ஏறுற முள்ளுங்க. பள்ளிக்கூடத்து வழியில நெறைய இருக்குதுங்க. பாருங்க, ரெண்டு ரெண்டா நிக்குது" என்று கிளையை அவர் பக்கம் திருப்பினாய்.

அவர் சிரிப்பு மாறாமல் என்னைப் பார்த்தார். "என்னங் மாஸ்டர், உங்க புள்ள இப்படிச் சொல்லுது?"

நான் கிளையைப் பார்க்கவே இல்லை, கண்ணு. "சின்னப் புள்ளைங்க, அதுக்கென்னங்க தெரியும்" என்றேன். உள்ளே போய் ஷேவிங் பிளேடை எடுத்துவந்து, அவர் எதிரிலேயே உன் எழுத்தைச் சுரண்டி, அதன்மேல் வன்னி என்று எழுதச் சொன்னேன். சுரண்டிய இடத்தில் காகிதம் மெலிந்து மை பரவியது. எழுதினாய். முதலாளி உன் தலையைத் தடவி, "பெரியவங்க சொன்னாச் சரிதானே, கண்ணு?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையசைத்தேன். அப்போது நீ சொன்னாய், "இருக்கட்டுங்க." பத்து வயதுக் குழந்தையின் வாயில் அந்தப் பெரிய மனிதர் சொல்லைக் கேட்டு அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்படியே அப்பனாட்டம்!" நானும் சிரித்தேன். நான் பெருமையாகச் சிரித்தேன் என்பதுதான் இன்றுவரை என்னைச் சுடுகிறது.

அதற்கப்புறம் அந்த மரத்தின் முள்ளை நறுக்கத் தொடங்கினேன். குழந்தைகள் ஓடியாடும் மாடி, யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று சொன்னேன். உன்னிடமும் அம்மாவிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் கண்ணில் அது படக் கூடாது என்றுதான் நறுக்கினேன் என்று இப்போது நினைக்கிறேன். பதின்மூன்று வருடம், வாரம் ஒருமுறை, சின்னக் கத்தரியால், கணுவை ஒட்டி. என்னைப் போல ஒழுங்கானவன் பொய்யைக்கூட ஒழுங்காகத்தான் பராமரிப்பான். முதலாளி காலமானார். மரம் அழகாக வந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் முதலாளி கொடுத்த வன்னி எது என்றுதான் முதலில் கேட்டார்கள். நீ ஒருநாளும் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால், அதன்பின் எதைப் பற்றியும் நீ என்னிடம் இல்லை என்று சொல்லவில்லை. எந்தப் பாடம் எடுக்கட்டும் என்றபோதும், எந்த ஹாஸ்டல் என்றபோதும், நீங்க சொன்னாச் சரிங்கப்பா. அடக்கமான பெண் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னைப் பார்த்துவிட்டுப் போனார்களே, அதற்கு அடுத்த வாரம் அம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். சூறைக்காற்றில் விழுந்த பழைய வன்னியின் இடத்தில் அதன் வாரிசையே நடவேண்டும், அது உங்கள் மாடியில் இருக்கிறது என்றார்கள். முதலாளியின் மகன், சின்னவர், தகப்பன் பெயரில் மேடையே கட்டுவதாகச் சொன்னார். பூசாரி மரத்தை மெல்லத் தடவிப் பார்த்தார். "ஒரு முள்ளுகூட இல்லீங்களே! அம்மனே முள்ளை எடுத்துட்டாளுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். அந்த நேரத்தில் கத்தரி என் சட்டைப்பையில் இருந்தது. "தை மாசம் நட்டுரலாமுங்களா, மாஸ்டர்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதையேதான் சொன்னேன்.

அவர்கள் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. என் பயம் ஒரு அற்புதமாகிவிட்டது. நிலத்தில் நட்டால் இரண்டு மழையில் அது ஆளுயரம் தாண்டும், காய்க்கும், ஆடுகள் தின்று கோயில் நிலம் முழுக்க விதைக்கும். கிணற்றடிவரை சீமைக்கருவேல்தான் நிற்கும். மக்கள் அதையும் கும்பிடுவார்கள். கீழே வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க கவாத்துப் பண்ணிப் போட்ட கொம்பெல்லாம் நான்தானுங்களே வெந்நீரடுப்புல வச்சேன். சீமைக்கருவேல எரிச்ச கைக்கு அது தெரியாதுங்களா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க." முறத்தை ஒருமுறை தட்டினாள். "ரொம்ப நாளு இருந்துட்டனாட்ட இருக்குது."

அன்றே கத்தரியை மூடி வைத்தேன். மூன்று வாரம் மரத்தை அதன் போக்கில் விட்டேன். புதுத் துளிர் ஒவ்வொன்றிலும் கணுவுக்குக் கணு இரண்டு முள், பச்சையாக, தயக்கமே இல்லாமல் வந்தது. இத்தனை வருடம் நறுக்கியதற்கு அதற்குக் கொஞ்சமும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் எனக்குச் சந்தேகம். ஒரு வெளிச்சத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாதே. காங்கேயம் பக்கம் ஒரு கோயிலில் பழைய வன்னி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போனேன். கேட்டு ஒரு கொம்பு வாங்கி, பனியன் துணியில் கண்ணி எண்ணும் லென்ஸை வைத்து, அங்கேயே கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். முள் இலையடியில் இல்லை, நடுத்தண்டில் நின்றது. சந்தேகப்பட இனி இடமில்லை என்று தெரிந்தபோது பயம் வந்தது. ஆனால் அந்தப் பயத்தோடேயே பஸ் ஏறலாம் என்பதும் அன்று தெரிந்தது.

போன ஞாயிறு காலை கமிட்டிக் கூட்டம். மரத்தை ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய்க் கோயில் மண்டபத்தில் எல்லோர் நடுவிலும் இறக்கினேன்.

பூசாரிதான் முதலில் பார்த்தார். "என்னங் மாஸ்டர், முள்ளு வந்திருச்சு?"

"முள்ளு எப்பவும் வந்துட்டேதானுங்க இருந்துச்சு. நான்தான் நறுக்கீட்டு இருந்தேனுங்க" என்று சொல்லிக் கத்தரியை எடுத்து மரத்தின் பக்கத்தில் வைத்தேன். காங்கேயத்துக் கொம்பையும் நம் மரத்துக் கொம்பு ஒன்றையும் லென்ஸையும் கைமாற்றிக் கொடுத்தேன். வயதானவர்களுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

சின்னவர் முகம் கறுத்தது. "அப்ப எங்கப்பா ஊரை ஏமாத்துனாருங்கறீங்களா?"

"இல்லீங் சின்னவரே. ஐயா மரத்தடியப் பாத்தாருங்க, முள்ளப் பாக்கறதுக்கு அப்ப அது மொளைக்கலீங்க. முள்ளு மொளைச்சதுக்கப்புறம் பாத்தவன் நானுங்க. எனக்கு முன்னால என்ற புள்ள பாத்துச்சு. அது சொன்னதை நான் அழிச்சுட்டேனுங்க."

பின்வரிசையில் ஆடு வளர்க்கும் ஒரு பெரியவர் எழுந்தார். "அட, நம்ம சில்லாவுலயே சீமைக்கருவேலுக்குத் தெனமும் தண்ணி ஊத்துன ஒரே ஆளு மாஸ்டர்தானுங்க!" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்கு அது வேண்டியிருந்தது. சின்னவர் சிரிக்கவில்லை. "இதை எங்கப்பா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னது சரிதான். வாரம் இரண்டு நாள் துணியின் நிறம் சரிபார்க்க என்னைக் கூட்டிப்போகச் சின்னவரின் பட்டறை வண்டி வரும் அல்லவா, இந்த வாரம் வரவில்லை. வராமலே போகலாம். அதற்காக நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. காங்கேயத்துக் கோயிலில் வன்னி நெற்று கேட்டு வாங்கி விதை போடலாம் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். நம் மரம் மறுபடி மாடியில் இருக்கிறது. அது குற்றம் எதுவும் செய்யவில்லை, தண்ணீர் தொடர்ந்து ஊற்றுவேன். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டேன். நீ ஐந்தாம் வகுப்பில் எழுதிய பெயர்.

நேற்று முதலிபாளையத்துக்கும் போய் வந்தேன். பொண்ணு இன்னும் பதில் சொல்லலீங்க, கொஞ்சம் பொறுங்க என்றேன். பையனின் அம்மா ஆச்சரியப்பட்டார். "அன்னைக்கே சொல்லுச்சுங்களே, இருக்கட்டுங்கன்னு?" என்றார். "அது பதில் இல்லீங்க, அது என்ற வார்த்தைங்க. பழக்கிவுட்டது நான்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, பையன் நிமிர்ந்து பார்த்தான். "அவங்களையே கேட்டுச் சொல்லுங்க, நான் இருக்கறேன்" என்றான். அது நல்ல அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதே என்றுதான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போவேன் என்று அவனிடம் நேரில் சொல்லிப் பார். அவன் என்ன சொல்கிறான் என்பதோடு, தன் அம்மா எதிரிலும் அதையே சொல்கிறானா என்று பார். மென்று பார்க்கத் தயங்காதே, புளிக்கவில்லை என்றால் அது புளி இல்லை. உனக்கு அவனைப் பிடித்திருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். இதில் எது சரி என்று நான் சொல்லப்போவதில்லை. மரத்தையே பதின்மூன்று வருடம் தப்பாகச் சொன்னவன் நான்.

உன் அந்த நோட்டு பீரோவில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் வன்னி என்ற எழுத்துக்கு அடியில் சுரண்டிய இடம் இன்னும் தெரிகிறது.

இப்போது காகிதங்களைப் பிரி. இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் மூன்று கோடுகள் போட்டிருக்கிறேன். முதல் இரண்டில் 1க்கும் 2க்கும் நேராகப் பெயர் எழுது. மூன்றாவதில், முதலிபாளையத்துக்கு நான் போய்ச் சொல்ல வேண்டியதை எழுது. போகிறேன் என்றாலும், மாட்டேன் என்றாலும், எனக்கு ஆறு மாதம் வேண்டும் என்றாலும், ஒரு எழுத்து மாற்றாமல் போய் அப்படியே சொல்வேன். பயம் போகாது, ஆனால் சொல்வேன். இருக்கட்டுங்க என்று மட்டும் எழுதாதே.

மைப்பேனாவாலேயே எழுது, கண்ணு. வீட்டில் இப்போது பிளேடு இல்லை.

அப்பா